கரண்ட் எப்படி உருவாகுதுன்னு காட்டுற எனர்ஜி கிட்: கை டைனமோவுக்காகவே வாங்கலாம், புத்தகத்தை மட்டும் அப்படியே நம்பாதீங்க

முதல்லயே முடிவை சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். பத்து பன்னிரண்டு வயசுக்கு மேல பசங்க இருக்கிற வீட்ல இந்த எனர்ஜி கிட்டை தைரியமா வாங்கலாம், அதுல இருக்கிற கை டைனமோ ஒண்ணுக்காகவே வாங்கலாம். ஆனா கூட வர்ற விளக்கப் புத்தகத்தை அப்படியே எடுத்து பசங்களுக்கு சொல்லிக் குடுத்துடாதீங்க, அதுல சில இடம் தப்பு, சில இடம் அரைகுறை, எங்கெங்கன்னு கீழ விவரமா எழுதிருக்கேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா கிட்டத்தட்ட இதே சாமான்களோட இதே மாதிரி பெட்டி நிறைய பேர் விக்கிறாங்க, நான் சொல்றது எல்லாத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னா, கையால சுத்துற டைனமோ, சின்ன சோலார் பேனல், காத்தாடி றெக்கைகளும் அதுக்கான சின்ன மோட்டாரும், தண்ணிச் சக்கரம், திட எரிபொருள் வில்லை வச்சு கொதிக்க வைக்கிற குட்டி பாய்லரும் அதோட ஒரு டர்பைனும், தண்ணியை ஹைட்ரஜனா ஆக்ஸிஜனா பிரிச்சு, திரும்ப சேர்த்து கரண்ட் செய்ற ஹைட்ரஜன் ஃப்யூயல் செல், கரண்டை கொஞ்ச நேரம் சேமிச்சு வைக்கிற ஒரு கெப்பாசிட்டர், எல்இடி, பழைய மாதிரி இழை பல்பு, சின்ன ஃபேன், வோல்டேஜும் கரண்டும் அளக்கிற ஒரு சாதாரண மல்டிமீட்டர், அப்புறம் ஒயர்கள். நிலக்கரி, கேஸ், அணு உலை மூணுக்கும் வெறும் அட்டை மாடல்தான், மடிச்சு நிக்க வைக்கலாம், அவ்வளவுதான்.

டைனமோல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த கிட்டோட உயிரே அதுதான். மேல் மூடி கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக், உள்ள காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் நல்லா தெரியுது. எதுவும் மாட்டாம சுத்தினா கைப்பிடி லேசா, சும்மா வழுக்கிட்டு சுத்தும். எல்இடி மாட்டினா பெருசா வித்தியாசம் தெரியாது. எல்இடியை கழட்டிட்டு இழை பல்பை மாட்டிப் பாருங்க, அதே கைப்பிடி சட்டுனு கனக்கும். என் அக்கா பையன் அதை சுத்திட்டு இருக்கும்போதே நான் பல்பு ஒயரை சொருகினேன், அவன் சொன்னது, "மாமா, யாரோ உள்ள இருந்து பிடிச்சு இழுக்குறாங்க." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்த கிட்டுக்கு இவ்வளவு சப்போர்ட் பண்றேன். மின்சாரம்னா ஒயருக்குள்ள ஏற்கனவே இருக்கிற ஒண்ணு, சுவிட்ச் போட்டா வெளிய வரும்னுதான் பெரும்பாலான பசங்க, ஏன் பெரியவங்களே, நினைக்கிறாங்க. இல்ல, நீங்க பல்பு போடற அந்த நொடில எங்கயோ ஒரு மிஷின் கொஞ்சம் கூடுதலா கஷ்டப்படுது, இந்த விஷயத்தை எத்தனை பக்கம் படிச்சாலும் வராது, கை வலிச்சா வரும்.

பின்னாடி இருக்கிற விஷயம் இதுதான். காந்தத்துக்குப் பக்கத்துல கம்பிச் சுருளை அசைச்சா, இல்ல சுருளுக்குப் பக்கத்துல காந்தத்தை அசைச்சா, கம்பில மின்னழுத்தம் உருவாகும். மைக்கேல் ஃபாரடே 1831ல கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே 1832ல பாரிஸ்ல இப்போலிட் பிக்ஸி இதை வச்சு கையால சுத்துற ஜெனரேட்டரே செஞ்சுட்டார், அதாவது இந்த பெட்டில இருக்கிறது கிட்டத்தட்ட அந்த மிஷினோட பேரன். லோடு, அதாவது பல்பு மாதிரி கரண்ட் இழுக்கிற ஒண்ணை, மாட்டினதும் சுருள்ல கரண்ட் ஓடும், அந்த கரண்டே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அந்தப் புலம் நீங்க சுத்துற சுத்துக்கு எதிரா தள்ளும், லென்ஸ்ங்கிற விஞ்ஞானி பேர்ல லென்ஸ் விதின்னு ஸ்கூல்ல படிச்சது இதேதான். எவ்வளவு கரண்ட் இழுக்குறோமோ அவ்வளவு எதிர்ப்பு. ரெண்டு ஒயர் முனையையும் ஒண்ணா தொட வச்சு சுத்திப் பாருங்க, ரொம்ப நேரம் வேண்டாம், சுருள் சூடாயிடும், கைப்பிடி கல்லு மாதிரி ஆயிடும்.

இங்க இருந்து ஒரு கணக்கு போடலாம், புத்தகத்துல இது இல்ல, நானா பசங்களுக்கு போட்டுக் காட்டினேன், உங்க வீட்லயும் போட்டுக் காட்டுங்க. இந்த மாதிரி சின்ன டைனமோல விடாம சுத்தினா ஒரு 3 வாட் கிடைக்கும்னு வச்சுக்குங்க. வீட்டு மீட்டர்ல ஓடுற ஒரு யூனிட்டுங்கிறது 1000 வாட் ஒரு மணி நேரம். அப்போ ஒரு யூனிட் செய்ய 333 மணி நேரம் சுத்தணும், தூங்காம சாப்பிடாம சுத்தினாலும் ரெண்டு வாரம் கிட்ட ஆயிடும். நல்ல நிலக்கரி ஒரு கிலோவ மின் நிலையத்துல எரிச்சா ரெண்டு யூனிட்டுக்கு மேலயே மின்சாரம் வரும். ஒரு கிலோ, கைல தூக்கிப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. உலகம் ஏன் நிலக்கரி பின்னாடி போச்சு, ஏன் இன்னும் அதை விட முடியாம தவிக்குதுன்னு பசங்களுக்கு புரிய வைக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

அடுத்து பாய்லர். பெரியவங்க பக்கத்துல இல்லாம இதை தொட விடாதீங்க, இது விளையாட்டு இல்ல, கொதிக்கிற தண்ணியும் அழுத்தமும் இருக்கு. சேஃப்டி வால்வு இருக்கு, அது ஒட்டிக்கிட்டு இல்லாம ஃப்ரீயா மேல கீழ போகுதான்னு ஒவ்வொரு தடவையும் பார்த்துட்டுதான் பத்த வைக்கணும், தண்ணி இல்லாம பத்த வைக்கவே கூடாது. எரிபொருள் வில்லை எரியும்போது ஒரு நாத்தம் வருது, ஜன்னல் திறந்து வைங்க. கொஞ்ச நேரத்துல நீராவி சின்ன குழாய் வழியா பீச்சி அடிக்கும், டர்பைன் சக்கரம் சுத்தும், அதோட அச்சுல மாட்டிருக்கிற மோட்டார் டைனமோ மாதிரி வேலை செஞ்சு எல்இடியை லேசா எரிய வைக்கும். லேசாதான். இவ்வளவு நெருப்பு, இவ்வளவு சத்தம், கடைசில ஒரு எல்இடி மினுக்குதுன்னு பசங்களுக்கு ஏமாற்றமா இருக்கும். ஆனா எனக்கு இந்த ஏமாற்றம்தான் இந்தப் பகுதிலயே ரொம்ப முக்கியமானதா பட்டுது, புத்தகம் இதை பத்தி ஒரு வரி கூட பேசல.

ஏன் இவ்வளவு கம்மியா வருது? வெப்பத்தை வேலையா மாத்தறதுக்கு இயற்கையே ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு, சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் இருக்கிற வெப்பநிலை வித்தியாசத்தை பொறுத்து அது அமையும். இந்த குட்டி பாய்லர்ல நீராவி 100 டிகிரியை கொஞ்சம் தாண்டும், அறை 27 டிகிரின்னா, எந்த நஷ்டமும் இல்லாத கற்பனை மிஷின்லயே 20 சதவீதம்தான் கிடைக்கும், நிஜத்துல உரசல், சின்ன டர்பைன், வெளிய போற சூடு எல்லாம் போக ஒரு சதவீதம் கூட தேறாது. பெரிய அனல் மின் நிலையத்துல நீராவியை 540, 600 டிகிரின்னு ஏத்துறாங்க, அழுத்தம் வளிமண்டலத்தை விட 200 மடங்குக்கு மேல போற நிலையங்கள் இருக்கு. அப்படி செஞ்சும் பழைய நிலையங்கள்ல 33 சதவீதம், ரொம்ப நவீனமானதுல 45 சதவீதம் பக்கம், அதாவது எரிக்கிற நிலக்கரில பாதிக்கும் மேல சூடா காத்துக்கும் தண்ணிக்கும் போயிடுது. அந்த பெரிய இடுப்பு ஒடுங்கின கூலிங் டவர் மேல வெள்ளையா போகுதே, அது புகை இல்ல, அந்த வேண்டாத சூட்டை வெளியேத்தும்போது வர்ற ஈரம், கண்ணுக்குத் தெரியற நீர்த்துளிங்க. புகைபோக்கி தனியா ஒல்லியா இருக்கும், அதுல போற கார்பன் டை ஆக்ஸைடு கண்ணுக்கே தெரியாது. நிலக்கரில செஞ்ச ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளிய வருது, புத்தகத்துல படம் போட்டவர் கூலிங் டவர்ல இருந்து கருப்பு புகை வர்ற மாதிரி வரைஞ்சு வச்சிருக்கார், அந்தப் பக்கத்தை பசங்களோட உக்காந்து திருத்திட்டோம்.

கேஸ் மின் நிலையத்தோட அட்டை மாடல் பரவால்ல, ஆனா அதுல உள்ள நல்ல விஷயத்தை விட்டுட்டாங்க. கேஸை எரிச்சு வர்ற சூடான காத்தே நேரா ஒரு டர்பைனை சுத்தும், ஜெட் எஞ்சின் மாதிரியேதான், அதுக்கப்புறமும் வெளிய வர்ற காத்து 600 டிகிரி பக்கம் சூடா இருக்கும், அதை வீணாக்காம தண்ணியை கொதிக்க வச்சு ரெண்டாவதா ஒரு நீராவி டர்பைனையும் சுத்த விடுவாங்க. இப்படி ரெண்டு தடவை பிழியறதால 60 சதவீதத்தை தாண்டின நிலையங்கள் இருக்கு. அணு உலை அட்டை மாடல்ல உலைக்கும் டர்பைனுக்கும் நடுவுல அம்புக்குறி போட்டு மின்னல் படம் வரைஞ்சிருக்காங்க, அதைப் பார்த்தா அணுவுல இருந்து நேரா கரண்ட் வர்ற மாதிரி இருக்கு. அங்கயும் நடக்கிறது தண்ணி சூடாக்குறதுதான், நெருப்புக்கு பதிலா யுரேனியம் 235 அணு பிளக்கும்போது வர்ற சூடு, அவ்வளவே வித்தியாசம். இயற்கையா கிடைக்கிற யுரேனியத்துல இந்த 235 வகை வெறும் 0.7 சதவீதம், பெரும்பாலான உலைகளுக்கு அதை 3ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் செறிவூட்டி, அதாவது அந்த வகையோட பங்கை கூட்டி, எரிபொருளா செய்றாங்க. விரல் நுனி அளவு இருக்கிற ஒரு எரிபொருள் வில்லைல கிட்டத்தட்ட ஒரு டன் நிலக்கரியோட வெப்பம் கிடைக்கும். மின் கட்டமைப்புக்கு முதல்ல கரண்ட் குடுத்த அணு மின் நிலையம் சோவியத் நாட்ல ஒப்னின்ஸ்க், 1954, வெறும் 5 மெகாவாட்.

இப்போ புத்தகத்தோட பெரிய தப்புக்கு வரேன். முதல் அத்தியாயத்துலயே ரெண்டு பக்கம் பிரிச்சு பச்சைல "புதுப்பிக்கத்தக்கது, சுத்தமானது", கருப்புல "புதுப்பிக்க முடியாதது, அசுத்தமானது"ன்னு போட்டிருக்காங்க. புதுப்பிக்க முடியுமா முடியாதாங்கிறது வேற கேள்வி, புகை வருமா வராதாங்கிறது வேற கேள்வி, ரெண்டையும் ஒண்ணா கட்டிட்டாங்க. யுரேனியம் பூமில இருந்து தோண்டி எடுக்கிறது, திரும்ப முளைக்காது, ஆனா உலை ஓடும்போது கார்பன் டை ஆக்ஸைடு வர்றதில்ல, அதுல இருக்கிற பிரச்சனை கழிவு, பாதுகாப்பு, செலவு, அது வேற வகை. விறகு திரும்ப வளரும், புதுப்பிக்கத்தக்கதுதான், ஆனா எரிச்சா புகையும் வரும் கார்பன் டை ஆக்ஸைடும் வரும், வெட்டின அளவுக்கு நட்டு வளர்த்தாதான் கணக்கு ஓரளவு சரியாகும். நிலக்கரி கூட தாவரத்துல இருந்து வந்ததுதான், அதுல பெரும் பகுதி 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி சதுப்பு நிலத்துல புதைஞ்ச காடு. உருவாக எடுத்துக்கிட்ட நேரத்துக்கும் நாம எரிக்கிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லைங்கிறதுதான் அதை புதுப்பிக்க முடியாததா ஆக்குது. இதை ஒரு பத்தி எழுதிருந்தா போதும், கலர் அடிச்சு முடிச்சுட்டாங்க.

இன்னொரு தப்பு, "புதுப்பிக்கத்தக்க சக்தி எல்லாமே சூரியனில் இருந்து வருகிறது"ன்னு ஒரு கட்டம் போட்ட வரி. காத்து, மழை, செடிக்கெல்லாம் சரி. கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குற ஓதம் முக்கியமா நிலாவோட இழுப்பால வருது, பிரான்ஸ்ல ரான்ஸ் ஆத்து முகத்துவாரத்துல 1966ல இருந்து 240 மெகாவாட் நிலையம் அதை வச்சே ஓடுது. புவிவெப்பம் பூமிக்குள்ள பிறந்ததுல இருந்து மிச்சம் இருக்கிற சூடும், யுரேனியம் தோரியம் மாதிரி தனிமங்கள் சிதையற சூடும் சேர்ந்தது. இத்தாலில லார்தெரெல்லோங்கிற இடத்துல 1904ல பியெரோ ஜினோரி கோன்தி பூமிக்குள்ள இருந்து வந்த நீராவியை வச்சு அஞ்சு பல்பு எரிய வச்சார், அந்த ஊர்ல இன்னிக்கும் மின் உற்பத்தி நடக்குது. எங்க வீட்டு எல்இடி மினுக்கினதும் நான் பசங்களுக்கு இந்த அஞ்சு பல்பு கதையைத்தான் சொன்னேன், கொஞ்சம் சமாதானம் ஆனாங்க.

சோலார் பேனலுக்கு வருவோம். தரம் நல்லா இருக்கு, வெயில்ல காட்டின உடனே ஃபேன் சுத்துது. பேனல்ல இருக்கிற ஒவ்வொரு சின்ன துண்டும் ஒரு செல், ஒரு செல்லுக்கு அரை வோல்ட் சொச்சம்தான் வரும், இதுல ஆறு செல்லை வரிசையா கோத்து 3 வோல்ட் பக்கம் கொண்டு வந்திருக்காங்க. ஃபேன் ஓடும்போது விரலால ஒரே ஒரு செல்லை முழுசா மூடிப் பாருங்க, ஆறுல ஒண்ணு போனா ஆறுல ஒரு பங்குதானே குறையணும்னு தோணும், ஆனா ஃபேன் கிட்டத்தட்ட நின்னே போயிடும், ஏன்னா வரிசைல இருக்கிற எல்லா கரண்டும் அந்த ஒரு செல் வழியாத்தான் போயாகணும். மொட்டை மாடில பேனல் வச்சவங்க ஒரு கிளை நிழல் விழுந்ததுக்கு இவ்வளவு குறையுதான்னு கேக்குறாங்களே, அதுக்கு காரணம் இதான், பெரிய பேனல்ல இதை சமாளிக்க, நிழல் விழுந்த செல்களை சுத்திக்கிட்டு கரண்ட் போக வழி விடற பைபாஸ் டயோடு வச்சிருப்பாங்க, இந்த சின்னதுல இல்ல. வீட்டு எல்இடி லைட்டுக்கு கீழ வச்சா ஃபேன் அசையாது, வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்குல உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ், அறை வெளிச்சம் சில நூறு லக்ஸ், நம்ம கண்ணு ரெண்டையும் சமாளிச்சுக்கிறதால நமக்கு அந்த வித்தியாசம் தெரியறதில்ல.

பேனலை ரொம்ப நேரம் வெயில்ல வச்சு சூடாக விட்டு மல்டிமீட்டர்ல பாருங்க, வோல்டேஜ் மெல்ல இறங்கும். வெயில் அதிகம்னா கரண்ட் அதிகம், ஆனா சூடு அதிகம்னா கொஞ்சம் நஷ்டம், சிலிக்கான் பேனல்ல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் குறையும். பேனல் மேல எழுதிருக்கிற வாட் கணக்கு 25 டிகிரில சோதிச்சது, வெயில்ல பேனல் 65 டிகிரி போச்சுன்னா பத்து சதவீதத்துக்கு மேல அங்கயே போச்சு. வெளிச்சத்துல இருந்து மின்னழுத்தம் வரும்னு எட்மண்ட் பெக்கரல் 1839லயே பார்த்துட்டார், உருப்படியான சிலிக்கான் செல் வர 1954 ஆச்சு, அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடம் செஞ்சது, விழற வெளிச்சத்துல 6 சதவீதத்தை கரண்டா மாத்துச்சு. இன்னிக்கு கடைல வாங்குற நல்ல பேனல் 20 சதவீதத்துக்கு மேல குடுக்குது. இந்த பெட்டில சுத்தற பாகமே இல்லாம கரண்ட் செய்றது பேனலும் ஃப்யூயல் செல்லும் மட்டும்தான், மத்த எல்லாமே டைனமோவை யாரு சுத்துறாங்கங்கிற கேள்விக்கு வேற வேற பதில். இந்த ஒரு வாக்கியத்தை புத்தகத்தோட முதல் பக்கத்துல போட்டிருந்தா மீதி புத்தகமே தேவைப்பட்டிருக்காது.

காத்தாடி பகுதி எனக்கு ரொம்பப் பிடிச்சது, தரம்தான் சுமார். றெக்கையை ரெண்டு, மூணு, ஆறுன்னு மாத்தி மாட்டலாம், கோணமும் திருப்பலாம், ஆனா திருப்பற முள்ளு லூசா இருக்கு, வேகமா சுத்தும்போது தானா திரும்பிடுது, சின்ன துண்டு டேப் சுத்திட்டா நிக்குது. டேபிள் ஃபேனை தள்ளித் தள்ளி வச்சு மீட்டர்ல பாருங்க. ஆறு றெக்கை மெதுவான காத்துலயே கிளம்பும், மூணு றெக்கை கிளம்ப நேரம் எடுக்கும், ஆனா கிளம்பிட்டா அதோட வேகம் எகிறும், ஜெனரேட்டருக்கு வேகம்தான் வேணும். 1888ல அமெரிக்கால கிளீவ்லாந்துல சார்லஸ் பிரஷ் தன் வீட்டுக்கு கட்டின காத்தாலைல 144 றெக்கை, 17 மீட்டர் விட்டம், வந்தது 12 கிலோவாட். இன்னிக்கு மூணே றெக்கை வச்ச ஒரு காத்தாலை பல மெகாவாட் குடுக்குது. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்காகும், அதனாலதான் உயரமான கம்பம், அதனாலதான் கடலுக்குள்ள போய் நடறாங்க, அதே காரணத்தாலதான் காத்து கொஞ்சம் விழுந்தாலும் உற்பத்தி பாதாளத்துக்கு போயிடுது. வர்ற காத்துல 59.3 சதவீதத்துக்கு மேல எந்த காத்தாலையாலயும் எடுக்கவே முடியாதுன்னு பெட்ஸ்ங்கிற ஜெர்மன் இயற்பியலாளர் காட்டினார், மொத்தத்தையும் எடுத்துட்டா காத்து றெக்கைக்குப் பின்னாடி அப்படியே நின்னுடும், அடுத்த காத்து வர வழி இருக்காது.

தண்ணிச் சக்கரம் ஏமாத்திடுச்சு. மோட்டார் பக்கம் இருக்கிற ரப்பர் வளையம் சரியா உக்காரல, தண்ணி உள்ள இறங்குது, ரெண்டாவது தடவையே மோட்டார் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சுடுச்சு. விக்கிறவங்களுக்கு எழுதினேன், மாத்துப் பாகம் அனுப்பினாங்க, அதுலயும் அதே வளையம்தான், கிரீஸ் தடவி ஓட்டிட்டிருக்கோம். ஆனா சோதனை நல்ல சோதனை. அதே குவளை தண்ணியை பக்கத்துல இருந்து ஊத்தினா ஒரு மாதிரி, நாற்காலி மேல நின்னு குழாய் வழியா விட்டா வேற மாதிரி. உயரமும் அளவும், ரெண்டே விஷயம். 1000 லிட்டர் தண்ணி 100 மீட்டர் கீழ விழுந்தா கிடைக்கக்கூடியது கால் யூனிட் சொச்சம், வெறும் கால் யூனிட், அதனாலதான் அணைகள் அவ்வளவு பெருசா இருக்கு, அதனாலதான் அவ்வளவு ஊரும் காடும் தண்ணிக்குள்ள போகுது. சீனாவோட த்ரீ கோர்ஜஸ் அணைல 700 மெகாவாட் டர்பைன் 32 இருக்கு, உள்ளூர் தேவைக்கு 50 மெகாவாட்ல ரெண்டு, மொத்தம் 22,500 மெகாவாட், உலகத்துல அதுதான் பெருசு. நீர் டர்பைன் விழற சக்தில 90 சதவீதம் வரைக்கும் கரண்டா மாத்தும், அனல் நிலையம் பக்கத்துலயே வர முடியாது, ஏன்னா இங்க வெப்பத்தை வேலையா மாத்துற அந்த உச்சவரம்பு தொல்லை இல்ல.

ஃப்யூயல் செல் பாக்க அழகா இருக்கு, ரெண்டு குழாய்ல குமிழி ஏறும், ஹைட்ரஜன் பக்கம் ரெண்டு பங்கு, ஆக்ஸிஜன் பக்கம் ஒரு பங்கு, தண்ணி என்னன்னு கண்ணு முன்னாடியே நிக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், குழாய் தண்ணி ஊத்தினா உள்ள இருக்கிற சவ்வு கெட்டுப் போயிடும், இந்த எச்சரிக்கையை புத்தகத்துல கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்துல போட்டிருக்காங்க. ஆனா ஹைட்ரஜனை "புதுப்பிக்கத்தக்க மூலம்"னு பட்டியல்ல சேர்த்தது சரியில்ல. ஹைட்ரஜன் மூலம் இல்ல, சேமிச்சு எடுத்துட்டுப் போற வழி, முதல்ல யாராவது கரண்ட் குடுத்து தண்ணியை பிரிக்கணும், இன்னிக்கு உலகத்துல செய்ற ஹைட்ரஜன்ல பெரும் பகுதி இயற்கை எரிவாயுல இருந்து பிரிச்சு எடுக்கிறதுதான், அதுல கார்பன் டை ஆக்ஸைடும் சேர்ந்து வருது. பெட்டியை வச்சே இதை நிரூபிக்கலாம், டைனமோவ சுத்தி தண்ணியை பிரிங்க, அப்புறம் அதுல ஃபேன் ஓட்டுங்க, நீங்க சுத்தின நேரத்தையும் ஃபேன் ஓடுற நேரத்தையும் பாருங்க, குடுத்ததுல பாதி கூட திரும்பாது.

கெப்பாசிட்டரை ஓரமா போட்டுடாதீங்க. சோலார்ல சார்ஜ் பண்ணிட்டு பேனலை கழட்டினா எல்இடி கொஞ்ச நேரம் எரிஞ்சு மங்கி அணையும். வெயில் காத்து பத்தி இன்னிக்கு நடக்கிற மொத்த விவாதமும் இந்த சின்ன பாகத்துல இருக்கு. கரண்ட் தேவைப்படற அளவும் செய்ற அளவும் ஒவ்வொரு நொடியும் சமமா இருக்கணும், லோடு ஏறினா எங்கயோ டர்பைன் ஒரு துளி மெதுவாகும், உங்க கைப்பிடி கனத்துச்சே அதேதான், கட்டமைப்போட ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் ஒரு நொடில எத்தனை தடவை முன்னும் பின்னும் மாறுதுங்கிற கணக்கு, 50 ஹெர்ட்ஸ்ல இருந்து லேசா இறங்கும், கவர்னர்ங்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பார்த்து நீராவி வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கும். வெயிலை யாரும் கொஞ்சம் திறக்க முடியாது. அதனால மிச்சமான நேரத்துல எங்கயாவது வச்சுட்டு அப்புறம் எடுக்கணும், பேட்டரில வைக்கலாம், இல்லன்னா கீழ் அணைல இருந்து மேல் அணைக்கு தண்ணியை ஏத்தி வைக்கலாம், அதுல போட்டதுல 70ல இருந்து 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அமெரிக்கால வர்ஜீனியா பாத் கவுண்டில இப்படி ஒண்ணு 3003 மெகாவாட்ல இருக்கு, பல வருஷமா உலகத்துல பெருசா அதுதான் இருந்துச்சு. கிட்ல தண்ணிச் சக்கரமும் இருக்கு, சோலாரும் இருக்கு, ஒரு சின்ன பம்ப் மட்டும் கூட வச்சிருந்தா இதையும் பசங்க செஞ்சே பார்த்திருப்பாங்க, அடுத்த பதிப்புல வைங்கன்னு கேட்டு எழுதிருக்கேன், இதுவரைக்கும் பதில் இல்ல.

யாரு வாங்கலாம்? பத்து வயசுக்குக் கீழ பாய்லரும் ஃப்யூயல் செல்லும் வேண்டாம், அந்த வயசுக்கு டைனமோ, சோலார், காத்தாடி மூணு மட்டும் இருக்கிற சின்ன பெட்டி கிடைக்குது, அதுவே தாராளம். பெரிய பெட்டி வாங்கினா கூட உக்காந்து செய்ய ஒரு பெரியவருக்கு நேரம் இருக்கணும், பசங்க கைல குடுத்துட்டு போயிட்டா எல்இடி எரிஞ்சுச்சு, ஃபேன் சுத்துச்சு, அதோட அலமாரிக்கு போயிடும். ஸ்கூல்ல வாங்குறவங்க ரெண்டு பெட்டியா வாங்குங்க, ஒரு டைனமோவோட ஒயரை இன்னொரு டைனமோல மாட்டி ஒருத்தர் சுத்தினா எதிர்ல இருக்கிறது தானா சுத்தும், ஜெனரேட்டரும் மோட்டாரும் ஒரே மிஷின்தான்னு வகுப்பே ஒரு நிமிஷத்துல புரிஞ்சுக்கும், ஒரு பெட்டி வச்சு இதை செய்ய முடியாது. கூட வர்ற கிளிப் ஒயர் நாலுதான் இருக்கு, அதுல ரெண்டு சீக்கிரமே உள்ள அறுந்து போச்சு, வெளிய பாத்தா தெரியாது, பேனல் கெட்டுப் போச்சோன்னு தேடிட்டு இருப்பீங்க. தனியா பத்து கிளிப் ஒயர் வாங்கி பெட்டில போட்டுக்குங்க, எரிபொருள் வில்லையும் கொஞ்சம்தான் வச்சிருக்காங்க, அதையும் சேர்த்து ஆர்டர் பண்ணிடுங்க.